ஒரு தட்டு, இரண்டு தட்டு

டிரைவர் அந்தக் குழாய்க்குள் போன வேகத்தைவிட வெளியே வந்த வேகம் அதிகம். உள்ளே தள்ளுவதற்கு முன் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "ரொம்ப முடியலைன்னா மட்டும் அமுக்குங்க" என்றிருந்தார் ஸ்கேன்காரர். பலகை தோள்வரை உள்ளே போனதும் அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். வெளியே இழுத்துப் போட்ட பிறகும் விடவில்லை. மனைவி வந்து விரல்களைப் பிரித்துப் பந்தைப் பிடுங்க வேண்டியிருந்தது.

"ஒரு படம்கூட விழலை சார்" என்றார் ஸ்கேன்காரர், ஏதோ தன் வீட்டுச் சொத்தைப் பறிகொடுத்தவர் மாதிரி.

"படம் எடுக்கிற மெஷினாய்யா அது? எலி வளை. ஆளை உள்ள சொருகிட்டு ஆடாதே அசையாதேன்னா எப்படி?"

"எல்லாரும் படுத்துட்டுத்தான் போறாங்க."

"எல்லாரும் செத்தும்தான் போறாங்க. அதுக்காக நான் இன்னிக்கே போகணுமா?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பனியன் தெப்பமாக நனைந்திருந்தது. சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவருடைய இடது கை பொத்தானைத் தேடித் தடவியது, கிடைக்கவில்லை. அவளே போட்டுவிட்டாள். அந்தக் கைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு பைத்தியம் இருக்கும். இவருக்கு முன்கண்ணாடி. டெப்போவில் அவருக்குப் பெயரே 'கண்ணாடி'தான். காலையில் வண்டி எடுக்கும்முன் அந்தப் பெரிய கண்ணாடியைத் தானே துடைப்பார். க்ளீனர் துடைத்து வைத்திருந்தாலும் மறுபடி துடைப்பார். வீட்டில் குளியலறைக் கதவைத் தாழ் போட மாட்டார். அவர் குளித்து முடிக்கும்வரை மனைவி வெளியே காவல் நிற்க வேண்டும். லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் எத்தனை மாடியானாலும் நடைதான். பஸ்ஸிலேயே பின் சீட்டில் உட்கார்ந்து போகச் சொன்னால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார். உலகத்தில் அவர் நிம்மதியாக மூச்சு விடுகிற இடம் ஒன்றே ஒன்று, ஸ்டியரிங்குக்குப் பின்னால், முழுத் தெருவும் முன்னால் விரிந்து கிடக்கிற அந்த சீட்.

அந்த சீட்டைத்தான் பறித்துவிட்டார்கள். பறிக்க வழி செய்தது வேறு யாருமில்லை, அவருடைய கண்டக்டர்.

இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்து வெகு நாளாகிவிட்டது. பிறகு மூன்றாவது விரலும் சேர்ந்துகொண்டது. டிரைவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கண்டக்டர் மட்டும் கவனித்து இரண்டொரு தடவை, "அண்ணே, டாக்டரைப் பாருங்களேன்" என்றார். "உன் வேலையைப் பாருய்யா" என்று வாயை அடைத்துவிட்டார்.

இரண்டு பேரும் ஒரே வண்டியில் பல காலமாக ஓடுகிறவர்கள். கடைசி ஸ்டாப்பில் வண்டியைத் திருப்ப ஒரு சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். மற்ற வண்டிகளில் விசில் அடிப்பார்கள். இவர்கள் வண்டியில் விசில் கிடையாது. அந்தச் சத்தம் மண்டையைக் குடைகிறது என்று டிரைவர் நிறுத்திவிட்டார். கண்டக்டர் பின்னால் நின்று வண்டியின் உடம்பில் கையால் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில். அந்த ஒரு தட்டுக்கு டிரைவரின் வலது கால் தானாகப் பிரேக்கில் இறங்கும். மூளையைக் கேட்டுக்கொண்டெல்லாம் இறங்காது.

போன மாதம் ஒரு நாள் அப்படி ரிவர்ஸ் எடுத்து முடித்த பிறகு கண்டக்டர் வண்டியில் ஏறினார். அவர் முதுகு முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னய்யா, முதுகு சொறியறதுக்குச் சுவரு கேக்குதா உனக்கு?" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். பயணிகள் எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் மேனேஜர் டிரைவரைக் கூப்பிட்டு, "கையைக் காட்டுங்க, இந்தப் பேனாவைப் பிடிங்க" என்றார். பேனா கீழே விழுந்தது.

கூடவே இருந்து குழி பறித்துவிட்டான். அன்றிலிருந்து டிரைவர் அவரோடு பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டார். போன் வந்தால் எடுப்பதில்லை.

மேனேஜர் சொன்னது இவ்வளவுதான்: கை சரியானால் வண்டி, இல்லாவிட்டால் டைம் ஆபீஸ். டெப்போவின் மூலையில் இருக்கிற அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு டியூப்லைட், ஒரு மேஜை, தானாகச் சாத்திக்கொள்கிற ஸ்பிரிங் கதவு. வருகிற போகிற வண்டிகளின் நேரத்தைக் குறித்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை அதற்குள் உட்கார வேண்டும். டிரைவர் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தார். கதவிடுக்கில் ஒரு செங்கலை வைத்துவிட்டு, அந்தச் செங்கலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அதைவிடத் தெளிவாகச் சொன்னார். "கழுத்துல நரம்பு நசுங்குது. ஆபரேஷன் பண்ணா கை பிழைக்கலாம். ஆனா எங்க, எவ்வளவு நசுங்கியிருக்குன்னு படம் பாக்காம நான் கத்தி வைக்க மாட்டேன். ரொம்ப நாள் தள்ளினா கை இப்படியே நின்னுடும்."

ஆக, ஜன்னலில்லாத அறையிலிருந்து தப்பிக்க வேண்டுமானால், அதைவிடச் சின்னப் பொந்துக்குள் படுக்க வேண்டும். இந்த நியாயத்தை எழுதியவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் டிரைவர் ஒரு கை பார்த்திருப்பார், மரத்துப்போன கையாக இருந்தாலும்.

"கால் வழியா விடுங்களேன், தலை வெளிய இருக்கட்டும்" என்று கெஞ்சியும் பார்த்தார். "முழங்கால்னா அப்படிச் செய்யலாம். உங்களுக்குக் கழுத்து. கழுத்து நடுவுல வரணும்" என்றார் ஸ்கேன்காரர். "அப்ப மயக்கம் குடுத்துடுங்க." அதற்கு டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவர் தூக்கத்தில் குறட்டை விட்டு நடுவில் மூச்சை நிறுத்துவதை அவள்தான் சொல்லியிருந்தாள். "இந்த மாதிரி ஆளுக்கு முழு மயக்கம் சரிப்படாது. வேற வழி பாருங்க."

வேறு வழி பார்க்க வந்து சேர்ந்தான் மச்சான். மனைவியின் தம்பி. எந்த நோய்க்கும் எந்த மெஷினுக்கும் அவனுடைய போனில் ஒரு வீடியோ இருக்கும்.

"மாமா, நீங்க போனது பழைய மாடல். இப்ப ஓப்பன் ஸ்கேன் வந்திருக்கு. குழாயே கிடையாது. மேல ஒரு தட்டு, கீழ ஒரு தட்டு, நாலு பக்கமும் காத்து. நின்னுக்கிட்டே எடுக்கிறதுகூட இருக்கு, ஆனா அது வேற ஊர்ல. அடுத்த வருஷம்தான் இடம் குடுப்பாங்களாம்."

"அடுத்த வருஷம் நான் எதைப் பிடிச்சு நிக்கறது?"

"அதான் ஓப்பன்னு சொல்றேன்ல மாமா."

பக்கத்து ஊருக்குப் போனார்கள். மச்சான் சொன்னது பாதி உண்மை. பக்கங்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் மேல் தட்டு மூக்குக்கு நேராக இறங்கி நின்றது, முகத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டையும் மாட்டினார்கள். வீடியோவில் அந்தக் கூண்டு இல்லை. டிரைவர் கண்ணை ஓரத்துக்குத் திருப்பிச் சுவரில் தொங்கிய காலண்டரை வெறித்துப் பார்த்தார். அதிலிருந்த மலையை, மலைமேல் இருந்த ஒற்றை மரத்தை, மரத்தின் ஒவ்வொரு கிளையையும் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இந்த மெஷின் மெதுவானது, நேரம் இழுத்துக்கொண்டே போனது. ஆனாலும் பந்தை அமுக்காமல் முடித்துவிட்டார். வெளியே வந்து மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் வந்து பார்த்தார்.

"இதுல நரம்பு தெளிவா இல்லையே."

"என்ன டாக்டர் சொல்றீங்க?"

"ஓப்பன் மெஷின்ல காந்தம் பலம் கம்மி. முழங்கால், தோள்னா சமாளிக்கலாம். உங்க கழுத்துல நான் பாக்க வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். மங்கலா இருக்கு. போதாதுங்க."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ஓப்பன்ல எடுக்கப் போறேன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே."

டிரைவருக்கு ரத்தம் தலைக்கேறியது. யாரைத் திட்டுவது? டாக்டரைத் திட்ட முடியாது, கத்தி அவர் கையில். மச்சானைத் திட்டலாம் என்று திரும்பினால், அவன் ஏற்கெனவே வராந்தாவுக்குப் போய் யாருடனோ தீவிரமாகப் போன் பேசுவதுபோல் நின்றுகொண்டிருந்தான். போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

"பலமான காந்தம், ஆனா வாய் கொஞ்சம் அகலமான குழாய், அந்த மாதிரி மெஷின் ஒண்ணு இருக்கு" என்றார் டாக்டர். "அதுல முயற்சி பண்ணுங்க. பதட்டம் குறைய ஒரு மாத்திரை எழுதறேன். கூட ஒருத்தர் உள்ள நிக்கலாம்."

கொஞ்சம் அகலம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று போய்ப் பார்த்தபோது டிரைவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சாண்கூட இருக்காது. அதையும் ஏதோ கல்யாண மண்டபம் மாதிரி பெருமையாகக் காட்டினாள் அங்கே ஸ்கேன் எடுக்கிற பெண்.

சொன்ன நேரத்துக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து விபத்தில் அடிபட்ட யாரையோ கொண்டுவந்தார்கள்; அவரை முதலில் உள்ளே விட்டார்கள். நியாயம்தான். ஆனால் மாத்திரைக்கு அந்த நியாயம் தெரியாது. டிரைவர் வெளியே பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு அருமையாகத் தூங்கினார். தெளிந்து எழுந்து கண்ணைக் கசக்கியபோது, "வாங்க, உங்க முறை" என்றாள் அந்தப் பெண்.

மனைவி வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் கூடவே வந்து அவர் கால்மாட்டில் நின்றாள். பலகை நகர்ந்தது. கூண்டு, கூரை, சத்தம். கப்பலை உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். டிரைவர் கண்ணை மூடி, தான் எந்த ரோட்டில் போகிறோம், எந்தத் திருப்பத்தில் இருக்கிறோம் என்று மனதுக்குள் வண்டி ஓட்டினார். ஓடியது. நிஜமாகவே ஓடியது. இரண்டு ஸ்டாப் தாண்டிவிட்டார்.

மனைவிக்கு அவர் தைரியத்தைப் பார்த்து மனசு பொங்கிவிட்டது. ஆசையாக அவர் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு தட்டினாள்.

ஒரே ஒரு தட்டு.

வலது கால் சடாரென்று நீண்டு பலகையை மிதித்தது. உடம்பு மொத்தமும் மேலே நழுவியது, தலை கூண்டில் முட்டியது, கண் திறந்தது. கண்ணுக்கு நேரே வெள்ளைக் கூரை. அவ்வளவுதான். பந்தை அமுக்கினார்.

"நல்லா போய்க்கிட்டு இருந்துச்சே! காலை ஏன் சார் உதைச்சீங்க?" என்றாள் ஸ்கேன் பெண். அவளுக்கும் பொறுமை போயிருந்தது.

"பிரேக் போட்டேன்" என்றார் டிரைவர். அதற்குமேல் விளக்கம் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. தட்டியவளை முறைத்தார். "தட்டறதுதான் தட்டற, ரெண்டாத் தட்டித் தொலைக்கக் கூடாதா?"

"ஆசையாத் தட்டறதுக்குக்கூட கணக்கா?" என்று அவளும் கத்தினாள். "எனக்கு என்ன தெரியும் உங்க தட்டு பாஷை? தெரிஞ்சவரைக் கூட்டிட்டு வரேன் இருங்க."

"எவனையும் கூட்டிட்டு வராதே."

அவள் கேட்கவில்லை. அவள் கேட்கிறவளாக இருந்திருந்தால் அந்தக் குடும்பம் எப்போதோ நடுத்தெருவுக்கு வந்திருக்கும்.

அடுத்த முறை வரச்சொன்ன நாளில், ஸ்கேன் அறைக்கு வெளியே கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். யூனிஃபார்ம் இல்லாமல், ஒரு கோடுபோட்ட சட்டையில். டிரைவர் அப்படியே திரும்பி நடந்தார். மனைவி வழியை மறித்தாள்.

"போனா டைம் ஆபீஸ்தான். செங்கல்லைப் பாத்துக்கிட்டு உக்காந்திருங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

டிரைவர் நின்றார். கண்டக்டரின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மேனேஜர்கிட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனேண்ணே. வேலையைப் பாருன்னீங்க."

"அதுக்கு? போட்டுக் குடுத்துடுவியா? இத்தனை வருஷத்துல உன் தட்டுக்கு நிக்காம போயிருக்கேனா நான்? ஒரு தடவை? சொல்லுய்யா!"

"நின்னீங்கண்ணே. அன்னிக்கும் நின்னீங்க." கண்டக்டர் குரலை உயர்த்தவில்லை. "ஆனா உங்க கை ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பலை. நேரா வர வேண்டிய வண்டி என் பக்கம் சாஞ்சு வந்துச்சு. நான் தட்டும்போது எனக்குப் பின்னாடி சுவரு. நீங்க பிரேக் போட்டு நின்னப்ப, நான் சுவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல நிக்கறேன். வயித்தை உள்ள இழுத்தாத்தான் இடம்."

டிரைவர் தலையை நிமிர்த்தினார்.

"ஏன்யா கத்தலை?"

"மூச்சு விட்டாத்தானேண்ணே கத்த முடியும்."

டிரைவருக்கு அன்றைக்கு நடந்தது ஞாபகம் வந்தது. ஒரு தட்டு கேட்டு நின்றார். பிறகு இரண்டு தட்டு வரவே இல்லை. என்ன இவன் தூங்கிட்டானா என்று முணுமுணுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். அப்புறம் சலித்துப்போய்த்தான் வண்டியை முன்னால் எடுத்தார். அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க ஒரு மனுஷன் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். முதுகெல்லாம் சுண்ணாம்போடு ஏறியவனைப் பார்த்து அவர் சிரித்தார். ஊரையும் சேர்த்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு நேர்ந்ததுக்காக நான் போகலைண்ணே" என்றார் கண்டக்டர். "அடுத்த நாள் அந்த இடத்துல ஒரு பள்ளிக்கூடப் புள்ள நின்னா? அதான் போனேன்."

டிரைவர் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

உள்ளே ஸ்கேன் பெண் கூண்டை மாட்டிக்கொண்டே, "வேணும்னா இதுல ஒரு கண்ணாடி பொருத்தலாம் சார். கால் பக்கம் தெரியும்" என்றாள்.

"கண்ணாடி இருக்கா? இத்தனை நாளா இருக்கா? ஏம்மா, முதல் தடவையே சொல்றதுக்கு என்ன கேடு?"

"யாரும் கேக்கறதில்லை சார்."

கேட்டால்தான் சொல்வார்கள், தெரிந்தால்தான் கேட்க முடியும். இந்த ஒரு விஷயத்துக்கே இன்னொரு சண்டை போடலாம். ஆனால் பலகை நகர ஆரம்பித்துவிட்டது. தலை முதலில், கால் கடைசியில். பின்பக்கமாகப் போகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணுக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் தன் இரண்டு பாதங்களும் தெரிந்தன, அவற்றுக்கு அப்பால் கண்டக்டர். பாதத்தில் இரண்டு தட்டு விழுந்தது.

வா.

போனார். சத்தம் தொடங்கியது. கூரை இறங்குகிற மாதிரி இருந்தது. இறங்கவில்லை என்று அறிவுக்குத் தெரியும், நெஞ்சுக்குத் தெரியவில்லை. பந்தின் மேல் விரல் அழுந்தியது. இரண்டு தட்டு. விரலைத் தளர்த்தினார். மறுபடி சத்தம், வேறு மாதிரிச் சத்தம். இரண்டு தட்டு. "கடைசி ஒண்ணு சார், இதுதான் பெருசு, எச்சில்கூட முழுங்காதீங்க" என்று காதில் குரல் வந்தது. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு எச்சில் ஊறியிருக்காது. வாய் முழுக்க ஊறியது. தொண்டை துடித்தது. போதும், அமுக்கிவிடலாம், டைம் ஆபீஸோ எதுவோ போய்த் தொலையட்டும் என்று நினைத்தார்.

கண்ணாடியில் பார்த்தார். கண்டக்டர் பலகையின் கால்மாட்டில், அறையின் நட்டநடுவில் நின்றிருந்தார். இவ்வளவு நேரம் நின்றும் சுவரில் சாயவில்லை. பின்னால் சாய நல்ல சுவர் இருந்தது, அதிலிருந்து தள்ளியே நின்றார். பழைய நாளில் எந்தச் சுவரைக் கண்டாலும் சாய்ந்துகொள்கிற ஆள் அவர்.

டிரைவர் பந்தை அமுக்கவில்லை. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். இவன் நின்றானே, நான் படுத்துத்தானே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார்.

சத்தம் நின்றது. பாதத்தில் ஒரே ஒரு தட்டு. வலது கால் பலகையை மிதித்தது. இந்தத் தடவை மிதித்தால் பரவாயில்லை.

"படம் சுத்தமா வந்திருக்கு சார்" என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்கேன் பெண் கட்டைவிரலைக் காட்டினாள். வாசலில் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இனி கத்தி டாக்டர் பாடு. கை பிழைக்குமா, அந்த சீட் திரும்பக் கிடைக்குமா என்று யாரும் இன்னும் உறுதி சொல்லவில்லை.

டிரைவர் பலகையிலிருந்து இறங்கினார். சட்டையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் கண்டக்டரைச் சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார். மரத்துப்போன இடது கையைத் தூக்கி, அந்தக் கோடுபோட்ட சட்டையின் முதுகைத் தட்டித் துடைத்தார். மேலிருந்து கீழே, திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"முதுகுல என்னண்ணே?"

"சுண்ணாம்புய்யா" என்றார் டிரைவர்.

சட்டை சுத்தமாகத்தான் இருந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் துடைத்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்.